அறுகம்பையில் சேர்ஃபிங் பழகி பயிற்றுநராக: எதை எப்போது செய்வது

மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கமிருந்து சேர்ஃபிங் (அலைச்சறுக்கு) பழகப் பொத்துவிலுக்குப் பக்கத்திலுள்ள அறுகம்பைக்குப் போகிற பிள்ளைகள் பெரும்பாலும் ஓகஸ்ட் மாதத்தில்தான் போகிறார்கள். பாடசாலை விடுமுறை, கையில் கொஞ்சம் காசு, கூட்டாளிமார் எல்லாம் அப்போதுதான் சேர்ந்து வரும். அறை விலை உச்சத்தில், அலையில் கூட்டம் உச்சத்தில், பயிற்றுநருக்கு மூச்சுவிட நேரமில்லாத மாதமும் அதுதான். ஒழுங்காக எழும்பி நிற்கப் பழகுவதற்குள் ஒக்டோபர் வந்து அலை படுத்துவிடும். பிறகு "கோச் வேலைக்குப் போகலாமே" என்ற யோசனை வரும்போது கையில் ஒரு சான்றிதழும் இருக்காது.

பொழுதுபோக்காகப் பழகுபவருக்கு 1 முதல் 6 வரையான படிகள் போதும். வேலையாகச் செய்ய நினைப்பவர் இரண்டு சீசன் ஒதுக்க வேண்டும். முதல் சீசனில் பழக்கம், இடையில் வரும் மழைக்காலத்தில் கடதாசி வேலை, இரண்டாம் சீசனில் உதவிப் பயிற்றுநர். ஒரே சீசனில் எல்லாம் முடித்துத் தருவதாக யாராவது சொன்னால் காசைப் பொக்கெட்டிலேயே வைத்திருங்கள்.

1. மாதத்தைத் தீர்மானியுங்கள்

அறுகம்பையின் சீசன் ஏப்ரல் கடைசியில் மெல்லத் தொடங்கி ஒக்டோபரில் முடியும். ஜூன், ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் அலையும் பெரிது, ஆட்களும் அதிகம். புதிதாகப் பழகுபவருக்கு மே மாதம் முழுவதும் அல்லது செப்டெம்பர் நல்லது. அலை அளவாக இருக்கும், அறை வாடகையைப் பேசிக் குறைக்கலாம், பயிற்றுநரும் உங்களைக் கவனிப்பார்.

நவம்பர் முதல் வாடைக்காற்றும் மழையும் கடலைக் குழப்பிவிடும். அந்த மாதங்களில் சேர்ஃபிங் எல்லாம் வெலிகம, மிதிகம, ஹிக்கடுவப் பக்கம் போய்விடும்.

நாளுக்குள் நேரமும் முக்கியம். சீசனில் காலையில் கச்சான் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசும். அப்போது அலை முகம் வழுவழுப்பாக நிற்கும். பத்து, பதினொரு மணிக்குப் பிறகு கடற்காற்று எழும்பினால் மேற்பரப்பு கலைந்து சிறு சிறு அலையாகிவிடும். அதோடு விடிகாலை 5.30க்குத் தண்ணீரில் கால் வைப்பவருக்கு ஒன்பது மணிக்கு வருபவரை விடப் பாதிக் கூட்டம்தான். நம் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே ஒரு மீட்டர்கூட வித்தியாசம் வராது. புதிதாகப் பழகுபவர் வற்று அட்டவணையைப் பார்த்துத் தலையை உடைக்கத் தேவையில்லை, காற்றைப் பார்த்தால் போதும்.

2. நீந்தத் தெரியாமல் பஸ் ஏறாதீர்கள்

"பலகை மிதக்கும்தானே, காலில் கயிறும் இருக்குதானே" என்பார்கள். அந்தக் கயிறு அறுந்து போவது சாதாரணமாக நடப்பது. அறுந்த பிறகு உங்களைக் கரை சேர்க்க உங்கள் கையும் காலும்தான் உண்டு.

குறைந்தபட்சம் நிற்காமல் 200 மீட்டர் நீந்த வேண்டும். பயிற்றுநராக நினைப்பவர் அதே 200 மீட்டரை 5 நிமிடத்துக்குள் முடிக்கும் அளவுக்கு இப்போதே பழகுங்கள். மட்டக்களப்புக்காரருக்குப் பாசிக்குடா வாய்ப்பான இடம்: வெகுதூரம் ஆழமில்லாத, அமைதியான கடல். கல்லடிக் கடற்கரையில் நீச்சல் பழகப் போகாதீர்கள். அங்கே அலை கரையிலேயே அடித்து விழும், இழுப்பும் (ஆளைக் கடலுக்குள் இழுத்துப்போகும் நீரோட்டம்) உண்டு.

இழுப்பில் மாட்டினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல் கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் போங்கள். இழுப்பு விட்ட பிறகு அலையோடு உள்ளே வரலாம். இது வாயால் சொன்னால் எல்லோருக்கும் புரியும், தண்ணீரில் பதறும்போது மறந்துபோகும். அதனால் பயிற்றுநரோடு ஒருமுறை வேண்டுமென்றே செய்து பாருங்கள்.

3. போய்ச் சேருவது

மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் சுமார் 105 கிலோமீட்டர். நேரடி பஸ் தவறினால் கல்முனைக்குப் போய், அங்கிருந்து அல்லது அக்கரைப்பற்றிலிருந்து பொத்துவில் பஸ் பிடிக்கலாம். பொத்துவில் ஊரிலிருந்து அறுகம்பை மூன்று கிலோமீட்டர் அளவு, ஓட்டோ போதும். ஏற முன்பே கட்டணம் பேசுங்கள். உள்ளூர்க்காரர் என்று தமிழில் பேசினாலே கேட்கும் விலை இறங்கும்.

மொனராகலை வழியாக வருபவரும் பாணமை வீதியில் போகிறவரும் இருட்டிய பிறகு மோட்டார் சைக்கிளில் வர வேண்டாம். லாகுகலப் பகுதியில் யானை வீதிக்கு வரும். கதிர்காமப் பாதயாத்திரைக் காலத்தில் உகந்தை வரை வீதியிலும் பஸ்ஸிலும் நெரிசல் இருக்கும், அந்த நாட்களைக் கணக்கில் எடுங்கள்.

ஜூலை, ஓகஸ்டில் அறை வாடகை இரட்டிப்பாகும் இடங்களும் உண்டு. கடற்கரையை ஒட்டித் தேடாமல் உல்லைக் கிராமத்தின் உள்வீதிகளில், அல்லது பொத்துவில் ஊருக்குள் மாத வாடகைக்குக் கேளுங்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் செலவு கட்டுக்குள் நிற்கும்.

4. பலகையை வாடகைக்கு எடுக்கும்போது

முதல் சீசனில் பலகை வாங்க வேண்டாம். வாங்குகிற பலகை பழக்கம் வந்த பிறகு உங்களுக்குப் பொருந்தாது.

60 முதல் 75 கிலோ எடையுள்ளவருக்கு 8 அல்லது 9 அடி மென்பலகை, அதாவது மேலே ஸ்பொஞ்ச் போட்டது, சரியாக இருக்கும். ஆறரை அடிப் பலகையில் கெட்டிக்காரர் துள்ளுவதைப் பார்த்துவிட்டு அதையே கேட்பவர்கள் உண்டு. அதில் புதியவரால் ஒரு அலையைக்கூடப் பிடிக்க முடியாது.

வாடகை நாளுக்குச் சுமார் 1500 முதல் 2500 ரூபா வரை கேட்பார்கள். சீசன் உச்சத்தில் ஏறும், வாரக் கணக்கில் எடுத்தால் இறங்கும். கையில் வாங்க முன்பு இவற்றைப் பாருங்கள்:

- பலகையின் நான்கு பக்கத்தையும், குறிப்பாக மூக்கையும் வாலையும், கடைக்காரர் முன்னிலையிலேயே ஃபோனில் படம் எடுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது "இந்த வெடிப்பு நீ போட்டது" என்ற சண்டை இங்கே தினசரி நடப்பது.
- ஃபின்கள் (பலகையின் அடியில் வாற்பக்கம் உள்ள செதில்கள்) ஆடுகின்றனவா என்று பிடித்து அசைத்துப் பாருங்கள்.
- லீஷ், அதாவது காலில் கட்டுகிற கயிறு, பலகையின் நீளத்துக்குச் சமமாக, அல்லது சற்றுக் கூட இருக்க வேண்டும். கயிற்றையும் பலகையையும் இணைக்கிற சின்ன நூலைப் பாருங்கள். அது நைந்திருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள். அந்த நூல் நீளமாகக் கட்டப்பட்டு வால் விளிம்பைத் தாண்டி வெளியே தொங்கினால், இழுபடும் நேரத்தில் பலகையின் விளிம்பை அறுத்துவிடும். காசு உங்களிடம் கேட்பார்கள்.
- கால்பட்டியின் வெல்க்ரோ மணல் பிடித்துத் தளர்ந்திருக்கிறதா?

அடையாள அட்டையின் மூலப் பிரதியைப் பிணையாகக் கொடுக்காதீர்கள். போட்டோகொப்பியும் கொஞ்சக் காசும் வைத்தால் ஒத்துக்கொள்ளும் கடையைத் தேடுங்கள்.

லீஷை எந்தக் காலில் கட்டுவது? பலகையில் பின்னால் நிற்கும் காலில். இடதுகாலை முன்வைத்து நிற்பவருக்கு வலது கணுக்கால்.

5. எந்த அலையில் பழகுவது

காசையும் உடம்பையும் அதிகம் இழப்பது இந்த இடத்தில்தான். அறுகம்பையைச் சுற்றியுள்ள அலைகள் எல்லாம் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலமுனையைச் சுற்றி வலப்பக்கமாக உடைந்து ஓடுபவை. பெயர் கேட்டு மயங்காமல் அடித்தளத்தைக் கேளுங்கள்: மணலா, பாறையா?

பேபி பொயின்ற்: குடாவுக்குள், மணல் தளம், சின்ன அலை. முதல் வாரம் இங்கேதான். குறை என்னவென்றால் கூட்டம். இருபது முப்பது பலகை ஒரே இடத்தில் மிதக்கும், அதில் பாதிப்பேருக்குப் பலகையைத் திருப்பவே தெரியாது. இங்கே காயம் தருவது அலையை விடப் பக்கத்தில் இருப்பவரின் பலகைதான்.

விஸ்கி பொயின்ற்: பொத்துவிலுக்கு வடக்கே. ஓட்டோவில் கால் மணி, இருபது நிமிடம். மெதுவாக உடையும் அலை, நீண்ட ஓட்டம் கிடைக்கும். உடைந்து நுரையாக வரும் அலையில் எழும்பி நிற்கப் பழகிய பிறகு உடையாத அலையைப் பிடிக்கப் பழக நல்ல இடம். முனையின் தலைப்பக்கம் பாறை உண்டு, உள்ளே தள்ளியே நில்லுங்கள்.

பீனட் ஃபாம்: தெற்கே, பாணமைப் பக்கம். உள்முனையில் சிறிய நாளில் பழகலாம். எலிஃபன்ட் ரொக் பக்கமும் அப்படியே. ஆனால் இந்த இரண்டு இடத்துக்கும் பக்கத்திலுள்ள களப்புகளில் முதலை உண்டு. கடலில் குளித்த உப்பைக் கழுவ என்று களப்பு நீரில் இறங்கவே வேண்டாம், கரையோரத்தில் குந்தியிருக்கவும் வேண்டாம்.

மெயின் பொயின்ற்: பாறைத் தளம், கடல் முள்ளெலி, வேகமான அலை, அனுபவசாலிகளின் கூட்டம். பக்கவாட்டாகத் திரும்பி ஓடவும், பலகையை விட்டுவிடாமல் அலையைத் தாண்டி உள்ளே போகவும் தெரிந்த பிறகுதான். அதற்கு முன்பு கரையில் நின்று பாருங்கள், அதுவே ஒரு பாடம்.

அலையில் ஒழுங்கு ஒன்றுதான். உடைகிற இடத்துக்கு மிக அருகில் இருப்பவருக்கே அந்த அலை. வலப்பக்கம் ஓடும் அலையில் உங்களுக்கு இடப்பக்கத்திலிருந்து ஒருவர் எழும்பி வந்தால் நீங்கள் விலக வேண்டும். குறுக்கே போனால் திட்டு விழும், திட்டோடு நின்றால் நல்லது.

கரைவலை இழுக்கும் நேரத்தில் அந்தப் பக்கம் பலகையோடு இறங்காதீர்கள். கடற்றொழிலாளருக்கு அது அன்றைய வருமானம். வலை கரை ஏறும் வரை காத்திருந்தால் அடுத்த நாளும் முகம் பார்த்துப் பேசுவார்கள். கடற்கரை உடையோடு ஊருக்குள் கடைத்தெருவில் நடப்பதும் இங்கே பிடிக்காத காரியம்.

பாறையில் உரசினால் நல்ல தண்ணீரால் மண்ணும் முருகைத் துகளும் போகும் வரை தேய்த்துக் கழுவி மருந்து போடுங்கள். வலிக்கும் என்று மேலோட்டமாகக் கழுவினால் மூன்றாம் நாள் சீழ் பிடித்து ஒரு வாரம் கரையில் இருக்க வேண்டிவரும். ஏற்புத்தடை (ரெட்டனஸ்) ஊசி போட்டுப் பல வருடமானால் முதலிலேயே போட்டுக்கொண்டு வாருங்கள். பொத்துவிலில் ஆதார வைத்தியசாலை இருக்கிறது. அவசர அம்புலன்ஸ் 1990, கட்டணமில்லை.

6. பாடத்துக்குக் காசு கொடுக்க முன்

ஒன்றரை மணி நேரப் பாடத்துக்கு வெளிநாட்டவரிடம் 5000 முதல் 8000 ரூபா வரை கேட்கிறார்கள். உள்ளூர்க்காரருக்கு, அதுவும் ஐந்தாறு பாடம் சேர்த்து எடுத்தால், குறைத்துத் தருவார்கள். பலகையும் ரேஷ் வெஸ்டும் (உரசல் படாமல் போடும் மேற்சட்டை) விலைக்குள் அடங்குமா, வேறு முனைக்குப் போனால் ஓட்டோச் செலவு யாருடையது என்று முதலே கேளுங்கள்.

பயிற்றுநர் எப்படியானவர் என்பது முதல் இருபது நிமிடத்திலேயே தெரியும். நல்லவர் உங்களை மணலில் வைத்து மூன்று விஷயம் செய்வார். பலகையில் எங்கே படுப்பது என்று காட்டுவார்: மூக்கு தண்ணீருக்கு மேலே நாலைந்து சென்றிமீட்டர் நிற்க வேண்டும். மூக்கு தாழ்ந்தால் பின்னால் நகரவும், வால் தண்ணீருக்குள் அமிழ்ந்து இழுத்தால் முன்னால் நகரவும் சொல்வார். எழும்பும் முறையைப் பத்துப் பதினைந்து தடவை செய்ய வைப்பார். விழும் முறையைச் சொல்வார்: தலைகீழாகப் பாயாமல் தட்டையாக விழுவது, மேலே வரும்போது ஒரு கையைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு வருவது. உங்களுக்கும் வருகிற அலைக்கும் நடுவில் பலகையைக் குறுக்கே பிடிக்கக் கூடாது என்பதையும் சொல்லாதவர் என்றால் பல்லும் மூக்கும் உங்கள் பொறுப்பு. இவை ஒன்றும் இல்லாமல் நேரே தண்ணீருக்குள் கூட்டிக்கொண்டு போய் பின்னாலிருந்து தள்ளிவிட்டுக்கொண்டே இருப்பவரிடம் இரண்டாம் பாடம் எடுக்காதீர்கள். நாள் முழுக்க அவர் தள்ளிய அலையில் நின்றிருப்பீர்கள், தனியாக ஒன்றும் பிடித்திருக்க மாட்டீர்கள்.

ஒரு பயிற்றுநருக்கு எட்டு மாணவருக்கு மேல் கூடாது. பேபி பொயின்ற் கூட்டத்தில் நான்கே அதிகம் என்பது என் கணக்கு.

பெண்பிள்ளைகளுக்கு: 2018இல் தொடங்கிய அறுகம்பே கேர்ள்ஸ் சேர்ஃப் கிளப் இங்கே இருக்கிறது. முழுக்கை ரேஷ் வெஸ்ட், லெகிங்ஸ் போட்டுப் பழகுவது எவருக்கும் புதினமில்லை. அது வெயிலுக்கும் மென்பலகை உரசலுக்கும் நல்லது. வீட்டில் தயக்கம் இருந்தால் அந்தப் பிள்ளைகளோடு பேச வைத்துவிட்டுக் கேளுங்கள்.

7. கடதாசி வேலை: நவம்பர் முதல் மார்ச் வரை

பயிற்றுநராகப் போகிறவர் இந்தப் படியை மழைக்காலத்தில் முடிக்காவிட்டால் ஒரு சீசன் போய்விடும்.

முதலில் உங்கள் பெயரைச் சரிபாருங்கள். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கடவுச்சீட்டு மூன்றிலும் ஆங்கில எழுத்து ஒன்றாக இருக்கிறதா? நம் பெயர்களில் ஒன்றில் ஒற்றை எழுத்து, இன்னொன்றில் இரட்டை எழுத்து, ஒன்றில் தகப்பன் பெயர் முன்னால், மற்றதில் முதலெழுத்து மட்டும் என்று வருவது வழக்கம். சான்றிதழில் விழுந்த பிழையைத் திருத்துவது புதிதாக எடுப்பதை விடக் கடினம். கடவுச்சீட்டில் உள்ள எழுத்தை ஒரு துண்டில் எழுதி வைத்துக்கொண்டு, இனி நிரப்பும் ஒவ்வொரு படிவத்திலும் அதையே எழுதுங்கள்.

அடுத்தது கிராம உத்தியோகத்தரின் வதிவிட, நற்சான்றிதழ். அவர் அலுவலகத்தில் இருக்கும் நாளைக் கேட்டுப் போங்கள். பிறகு பிரதேச செயலகத்தில் மேலொப்பம். பழைய திகதி உள்ளதை ஏற்க மாட்டார்கள், ஆகவே இதை மிக முந்தி எடுத்துவைக்காமல் சீசனுக்கு முன்னால் எடுங்கள். உள்ளூர் வேலைக்கு முதலாளி கேட்டால் உங்கள் பகுதிப் பொலிஸ் நிலையத்தில் நற்சான்று கேட்கலாம். வெளிநாட்டு வேலைக்கான பொலிஸ் சான்றிதழ் வேறு, அதற்குக் கடவுச்சீட்டு வேண்டும்.

முதலுதவிச் சான்றிதழை இலங்கைச் செஞ்சிலுவைச் சங்கம், சென் ஜோன்ஸ் அம்புலன்ஸ் போன்றவை நடத்தும் பயிற்சியில் எடுக்கலாம். சேர முன்பு ஒரு கேள்வி: மார்பை அழுத்தி உயிர்ப்பிக்கும் பயிற்சி அதற்குள் அடங்குமா, சான்றிதழில் அது எழுதப்படுமா? இல்லையென்றால் பின்னால் சேர்ஃப் பயிற்றுநர் சான்றிதழுக்கு அது செல்லாது. காலாவதித் திகதியையும் பாருங்கள்.

உயிர்காப்புத் தகுதி கடைசி. கடலில், பலகையை வைத்து ஆளை மீட்கும் பயிற்சியாக இருக்க வேண்டும். நீச்சல் தடாகச் சான்றிதழ் மட்டும் போதாது.

8. ஐ.எஸ்.ஏ. லெவல் 1

சர்வதேச சேர்ஃபிங் சங்கத்தின் (ஐ.எஸ்.ஏ.) லெவல் 1 சான்றிதழைத்தான் நல்ல சேர்ஃப் பாடசாலைகள் கேட்கின்றன. நாட்டில் அதன் உறுப்பமைப்பு இலங்கை சேர்ஃபிங் சம்மேளனம். எங்கே, எப்போது வகுப்பு என்பதை அவர்களின் அறிவிப்பில் பார்த்துக்கொண்டிருங்கள். வகுப்பு வருடம் முழுக்க நடப்பதில்லை, தெற்குக் கரையில் வைத்தால் போக்குவரத்தும் தங்குமிடமும் உங்கள் செலவு.

வகுப்பு இரண்டு நாள்தான். பலர் அதோடு முடிந்தது என்று நினைத்து வேலைக்குப் போய் நிற்கிறார்கள். வகுப்புக்குப் பிறகு தகுதியுள்ள ஒருவரின் கீழ் 20 மணி நேரம் பயிற்றுவித்த பதிவும், உயிர்காப்புத் தகுதியும், முதலுதவியும் சேர்ந்தால்தான் சான்றிதழ் கைக்கு வரும். அந்த 20 மணி நேரத்துக்குக் கையெழுத்து வைப்பவர் யார் என்பதை வகுப்புக்குக் காசு கட்டுவதற்கு முன்பே பேசி வையுங்கள். ஒவ்வொரு பாடம் முடிந்ததும் அன்றைக்கே திகதி, நேரம், மாணவர் எண்ணிக்கை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். சீசன் முடிந்து கேட்டால் அவர் ஊரில் இருக்க மாட்டார்.

கட்டணம் பெரும்பாலும் டொலரில். பாடமும் ஆங்கிலத்தில். ஆங்கிலம் தடுமாறுபவர் காற்று, நீரோட்டம், காயம், கட்டளை பற்றிய ஐம்பது அறுபது சொல்லை முன்கூட்டியே படித்துக்கொண்டு போனால் வகுப்பு ஓடிவிடும்.

9. வேலைக்குச் சேரும்போது

மூன்று விதமாகச் சம்பளம் தருகிறார்கள்: மாதச் சம்பளம், பாடத்துக்கு இவ்வளவு, அல்லது சாப்பாடும் அறையும் தந்து குறைந்த காசு. பாடக் கணக்கு ஜூலையில் இனிக்கும். மே மாதத்திலும் ஒக்டோபரிலும் ஒரு வாரம் அலையில்லாமல் போனால் கையில் ஒன்றும் வராது. குறைந்தபட்ச மாதத் தொகை ஒன்றும், அதற்கு மேல் பாடக் கணக்கும் என்று கேட்டுப் பாருங்கள்.

ஊழியராகச் சேர்ந்தால் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) உரிமை உண்டு: உங்கள் பங்கு 8 வீதம், முதலாளியின் பங்கு 12 வீதம், அதோடு ஈ.ரி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம் முதலாளியுடையது. "சீசன் வேலைக்கு அதெல்லாம் இல்லை" என்பது வழக்கமான பதில், சட்டம் அப்படிச் சொல்லவில்லை. மாணவர் காயப்பட்டால் பொறுப்பு யாருடையது, உடைந்த பலகைக்குச் சம்பளத்தில் வெட்டுவார்களா என்ற இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள்.

சொந்தமாகத் தொடங்க நினைத்தால் வியாபாரப் பெயர்ப் பதிவு பிரதேச செயலகம் வழியாக, வருடாந்த வியாபார அனுமதி பிரதேச சபையில், நீர் விளையாட்டு நிலையமாகப் பதிவு சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில். அறுகம்பை பொத்துவில் பிரதேச சபைக்குள், பாணமை லாகுகலப் பிரிவுக்குள். இடம் பிடிக்க முன்பு எந்தப் பக்கம் என்று கேளுங்கள். கடற்கரை மணலில் கொட்டில் போடுவதற்குக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேறாக வேண்டும். அனுமதியில்லாத கொட்டிலை வாடகைக்கு விட ஆள் இருக்கும், உடைக்க வரும் நாளில் அந்த ஆள் இருக்க மாட்டார்.

10. சீசன் முடிந்த பிறகு

ஒக்டோபர் கடைசியில் வருமானம் நிற்கும். தெற்கே வெலிகமப் பக்கம் போனால் ஏப்ரல் வரை வேலை உண்டு. சிங்களம் பேச வராவிட்டால் அங்கே பாடம் கிடைத்தாலும் ஓட்டோக்காரர், கடைக்காரரோடு அல்லாடுவீர்கள். மாலைதீவு வேலைக்குப் போகிறவர் புறப்பட முன்பு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிய வேண்டும். சுற்றுலா விசாவில் போய் வேலை செய்யச் சொல்லும் முகவரை நம்ப வேண்டாம்.

சொந்தப் பலகை இருந்தால் வைக்க முன்பு வெடிப்பு பாருங்கள். தண்ணீர் குடித்த பலகையை வெடிப்பு கீழே வரும்படி சாய்த்து, நிழலில் பல நாள் வடிய விட்டுத்தான் ஒட்ட வேண்டும். ஈரத்தோடு ஒட்டினால் உள்ளே ஊறிப் பலகை எடை கூடிக்கொண்டே போகும். இப்பொக்ஸிப் பலகைக்கு இப்பொக்ஸிப் பசைதான். மலிவாகக் கிடைக்கிறதே என்று பொலியெஸ்டர் பசை தடவினால் அது உள்ளே இருக்கிற வெள்ளை ஸ்பொஞ்சைக் கரைத்துக் குழியாக்கிவிடும். கால் வழுக்காமலிருக்கப் பூசிய வாக்ஸைச் (மெழுகை) சுரண்டி எடுத்து, தகரக் கூரைக்குக் கீழே நிறுத்தாமல், வீட்டுக்குள் குளிர்ந்த சுவரோரம் படுக்க வையுங்கள்.